ஒரு கடைக்கு வந்த போன், ஊருக்கே வந்த போன்

அந்தியூர் வெற்றிலைச் சந்தையானாலும் சரி, ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டானாலும் சரி, வியாபாரத்தின் பெரும்பகுதி வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. வெளியூர் வியாபாரி ஒருவர் கொடுத்த செக் திரும்பிவிட்டால், அந்தச் செய்தி மறுநாள் கடை திறப்பதற்குள் எல்லா மண்டிக்கும் போய்விடும். ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கப் போகிறார் என்ற பேச்சு கிளம்பினால், சாயங்காலத்துக்குள் அவருக்குச் சரக்கு போடுவது நின்றுவிடும். ஒரு மளிகைக் கடையில் கள்ள நோட்டு விழுந்தால், அடுத்த பத்துக் கடைக்காரர்களும் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இதற்கெல்லாம் யாரும் சட்டம் போடவில்லை. இன்று அவன் கடை, நாளை நம் கடை என்ற அறிவுதான் காரணம்.

ஆனால் போனில் ஏமாற்றிப் பணம் பிடுங்கும் திருடன் விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கம் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது. பணத்தைப் பறிகொடுத்தவர் பக்கத்துக் கடைக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. அதே திருடன் அதே கதையோடு அதே வீதியில் அடுத்த கடைக்குப் போன் போடுகிறான். இதை எப்படி நிறுத்தலாம், அதற்கு அரசாங்கம் செய்திருக்கும் ஏற்பாடு என்ன, சங்கம் செய்யக்கூடியது என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கணக்கு என்ன சொல்கிறது

மத்திய உள்துறை அமைச்சகம் 2025-ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டில் இந்திய மக்கள் சைபர் மோசடியில் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்திய 2023-ல் இது 7,465 கோடியாக இருந்தது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. 2024-ல் பதிவான சைபர் குற்றங்கள் 22 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல்.

இதே கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. 2021-ல் புகார் ஏற்பாடு தொடங்கியதிலிருந்து 2025-ன் நடுப்பகுதி வரை, 17 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களில் 5,489 கோடி ரூபாய்க்கு மேல் திருடன் கைக்குப் போகாமல் தடுக்கப்பட்டிருக்கிறது. இதெல்லாம் யாரோ ஒருவர் வெட்கத்தை விட்டுப் போனை எடுத்துச் சொன்னதால் நின்ற பணம். சொல்லாதவர்களின் பணம் எவ்வளவு என்பது எந்தக் கணக்கிலும் வராது.

நம் கடைகளுக்கு வரும் போன்கள்

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு விதமான போன் வருகிறது, வியாபாரிக்கு வேறு விதமான போன் வருகிறது. நம் தொழிலைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்கள். கடைப் பெயர்ப் பலகையிலும், பில் புத்தகத்திலும், இணைய வரைபடத்திலும் நாமே நம் நம்பரைப் போட்டிருக்கிறோம். அதைத் தேடி எடுப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை.

முதலாவது, ராணுவ ஆர்டர். இந்தியா முழுவதும் பல ஊர்களில் நடந்த மோசடி இது. பேசுகிறவன் ராணுவக் கேன்டீன் அதிகாரி என்பான். நம் பக்கம் என்றால் சூலூர் விமானப்படைத் தளம், வெலிங்டன் ராணுவ மையம் என்று நாம் கேள்விப்பட்ட பெயரைச் சொன்னால் போதும், நமக்கு நம்பிக்கை வந்துவிடும். பச்சரிசி பத்து மூட்டை, துவரம் பருப்பு ஐம்பது கிலோ, எண்ணெய் பத்து டின் என்று பெரிய ஆர்டர் கொடுப்பான். விலையில் பேரம் பேச மாட்டான். சீருடையோடு படம், அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். பணம் கொடுக்கும் நேரத்தில், "ராணுவக் கணக்கு முறை வேறு, முதலில் நீங்கள் ஐந்து ரூபாய் அனுப்புங்கள், பத்து ரூபாயாகத் திரும்பி வரும்" என்பான். அப்படியே வரும். அடுத்து ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, முழுத் தொகையையும் போட்டு ரகசிய எண்ணை அழுத்தச் சொல்வான். அழுத்தியதும் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணப் பரிமாற்றத்தில் ரகசிய எண்ணை அழுத்தினால் அது பணம் கொடுப்பதுதான்.

இரண்டாவது, தவறிப்போய் வந்த பணம். "உங்கள் கணக்கில் ரூ.10,000 வரவு" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அடுத்த நிமிடம் ஒருவன் பதறிப்போய்ப் பேசுவான். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பணம் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள் என்பான். இரக்கப்பட்டு அனுப்புகிறோம். அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பியது வங்கி அல்ல, அவனே. கணக்கில் மீதியைப் பார்க்காமல் யாருக்கும் எதையும் திருப்பக் கூடாது.

மூன்றாவது, அதிகாரி வேஷம். உணவுப் பாதுகாப்பு உரிமம் காலாவதியாகிவிட்டது, உங்கள் எண்ணெயைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, நேரில் வந்தால் கடைக்குச் சீல் வைப்போம், இப்போதே அபராதம் கட்டினால் முடித்துவிடலாம் என்று மிரட்டுவார்கள். உரிமக் கட்டணத்தை அரசின் இணையதளத்தில்தான் கட்ட வேண்டுமே தவிர, எந்த அதிகாரியின் சொந்த நம்பருக்கும் அல்ல. ஜி.எஸ்.டி. சம்மன் என்று தாள் வந்தாலும் பயப்பட வேண்டாம். மத்திய ஜி.எஸ்.டி. அதிகாரிகளின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் போடும் முறை 2019 நவம்பர் 8 முதல் வந்தது. கடிதத்தில் உள்ள எண்ணைத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். உங்கள் கணக்கரிடம் சொன்னால் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

நான்காவது, கரண்டு பில். "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று வரும் செய்தி. ஐஸ் பெட்டியில் பாலும் தயிரும் வைத்திருக்கும் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. கூப்பிட்டால் ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொல்வான். அதை ஏற்றியதும் நம் போன் அவன் கையில் இருப்பது மாதிரிதான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கிப் பரிசு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளும் இதே வகை. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்தாலும் திறக்க வேண்டாம். அவர் போன் ஏற்கெனவே போயிருக்கும்.

ஐந்தாவது, கல்லாவிலேயே நடப்பது. குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா, குதிரைச் சந்தை என்று கூட்டம் நெருக்கும் நாட்களில், பணம் போட்டுவிட்டதாகப் போனைக் காட்டிவிட்டுப் போகிறவர் காட்டியது பழைய படமாகவோ போலிச் செயலியாகவோ இருக்கலாம். நம் சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது நம் போனில் வரவு தெரிய வேண்டும். மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் இன்னொரு விதம் நடந்தது. இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூ.ஆர். அட்டை மீது வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். பணம் போடும்போது வேறு பெயர் வருவதை ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகே தெரிந்தது. அதைக் கேட்டு மற்றக் கடைக்காரர்களும் தங்கள் அட்டையைச் சோதித்தார்கள். காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிட்டு வியாபாரத்தை ஆரம்பிப்பது நல்ல வழக்கம்.

கடைசியாக, 'டிஜிட்டல் கைது'. சி.பி.ஐ., சுங்கத்துறை என்று சொல்லி வீடியோவில் வந்து, நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று மிரட்டுவது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார்.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம்

எனக்குப் பல வருடமாகச் சரக்கு வாங்கும் ஒரு சில்லரைக் கடைக்காரர், சொன்ன தேதியில் பாக்கியைத் தரவில்லை. அப்படிச் செய்கிறவர் அல்ல. எட்டு நாள் கழித்து நேரில் வந்து உட்கார்ந்தார். ராணுவ ஆர்டர் கதையில் நாற்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது என்றார். சீட்டுப் பணத்துக்கும் எனக்குத் தர வேண்டியதற்கும் எடுத்து வைத்த பணம் அது.

"ஏந் தம்பி, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"எப்படிங்கய்யா சொல்றது? இத்தனை வருசம் கல்லாவுல உக்காந்தவன் ஒரு போனுக்கு ஏமாந்துட்டான்னு ஊரே சிரிக்குமுங்க" என்றார்.

அந்த எட்டு நாளில் அதே குரல் அதே வீதியில் இன்னும் மூன்று கடைகளுக்குப் பேசியிருக்கிறது என்பது விசாரித்த பிறகே தெரிந்தது. ஒருவர் பணம் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் சந்தேகப்பட்டு போனை வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. "நமக்குத்தான் ஒண்ணும் போகலியே, எதுக்குச் சொல்லோணும்?" என்பது அவர்கள் பதில்.

நாம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டு பேரைத்தான். ஏமாந்தவர் வெட்கத்தால் சொல்லவில்லை, அதைப் புரிந்துகொள்ளலாம். தப்பித்தவருக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? அவர்தான் முதலில் திருடனைக் கண்டுகொண்டவர். அவர் வாயைத் திறந்திருந்தால் நான்காவது கடைக்காரர் பிழைத்திருப்பார்.

வெட்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூர் பக்கம் நூல் வாங்கும் எல்லோருக்கும் வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தைத் தெரியும். அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், எண்பது வயதைக் கடந்தவர், பத்மபூஷண் விருது பெற்றவர். 2024 ஆகஸ்டில் சி.பி.ஐ. என்று சொல்லி வந்த கும்பல், போலியாக ஒரு உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்தி, அவரிடம் 7 கோடி ரூபாயை வாங்கிவிட்டது. அவர் மூடி மறைக்கவில்லை. போலீசில் புகார் கொடுத்தார், பத்திரிகைகளுக்கும் நடந்ததைச் சொன்னார். 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. அவ்வளவு பெரிய தொழிலதிபருக்கே சொல்ல வெட்கமில்லை என்றால், மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு வெட்கம்?

நம் பக்கத்து மக்களுக்கு ஈமு கோழியும் மறந்திருக்காது. 2012-ல் பெருந்துறை பக்கத்து ஈமு நிறுவனங்கள் கவிழ்ந்தபோது, போட்ட பணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பல குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே புழுங்கின. மோசடி எதுவானாலும் அதற்கு முதலீடு நம் மௌனம்தான்.

சொன்னால் என்ன ஆகிறது

"சொல்லி என்னாகப் போகுது" என்று கேட்பவர்கள் உண்டு. என்ன ஆகிறது என்று பார்ப்போம். சொல்ல வேண்டிய இடம் மூன்று. எதற்கு எது என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பணம் போய்விட்டால் 1930. 2021-ல் 155260 என்ற நம்பரில் ஆரம்பித்து, பிறகு 1930 என்று மாறிய உதவி எண் இது. கூப்பிட்டதும் அந்த மாநிலப் போலீஸ் நம் விவரத்தைக் கணினியில் ஏற்றுகிறது. உடனே அது நம் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்கிறது. வேறு வங்கிக்கு மாறியிருந்தால் தகவலும் அந்த வங்கிக்குத் துரத்திக்கொண்டு போகிறது. திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்குக்குப் பிரித்து, ஏ.டி.எம்.மில் எடுப்பதற்கு முன்னால் தகவல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்கிறார்கள். எட்டு நாள் கழித்துச் சொன்னால் பெரும்பாலும் காலிக் கணக்குதான் கிடைக்கும். கூப்பிடும்போது வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். ஈரோட்டில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

பணம் போகவில்லை, ஆனால் மோசடிப் போன் வந்தது என்றால் 'சக்ஷு'. தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 2024 மார்ச் 4-ஆம் தேதி தொடங்கிய பிரிவு இது. சக்ஷு என்றால் கண் என்று பொருள். கடந்த 30 நாளுக்குள் வந்த சந்தேகமான போன், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எதையும் அங்கே பதியலாம். 2025 ஜனவரியில் இதற்குக் கைபேசிச் செயலியும் வந்துவிட்டது. தப்பித்தவர்கள் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

தொல்லை தரும் விளம்பரப் போன் என்றால் 1909, அல்லது டிராய் அமைப்பின் டி.என்.டி. செயலி. இதில் ஒரு விதியை வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 பிப்ரவரியில் டிராய் திருத்திய விதிப்படி, பதிவு செய்யாமல் விளம்பரப் போன் போடுகிறவர் மீது பத்து நாளில் ஐந்து பேர் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கப்படும். முன்பு ஏழு நாளில் பத்துப் பேர் சொல்ல வேண்டியிருந்தது. புகார் கொடுக்க நமக்கு இருந்த மூன்று நாள் அவகாசமும் ஏழு நாளாக நீண்டிருக்கிறது. ஐந்து பேர்தான்! ஒரு வீதியில் ஐந்து கடைக்காரர் சேர்ந்தால் ஒரு நம்பரை வெளியே போன் போட முடியாமல் செய்துவிடலாம்.

இப்படிச் சேரும் நம்பர்கள் வீணாவதில்லை. 2023-ல் ஜார்க்கண்ட் மாநில சி.ஐ.டி. போலீசார் 'பிரதிபிம்ப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். போன் மோசடிக்குப் பெயர்போன ஜாம்தாரா இருக்கும் மாநிலம் அது. நாட்டின் எந்த மூலையில் புகார் ஆன நம்பரும் இப்போது எந்த ஊரில் இயங்குகிறது என்று வரைபடத்தில் அது காட்டும். மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமும் அதை எடுத்துக்கொண்டது. அந்தியூரில் ஒருவர் கொடுத்த நம்பர், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு போலீஸ்காரரின் திரையில் புள்ளியாகத் தெரிகிறது. 2025-ன் நடுப்பகுதி வரை 9 லட்சத்து 42 ஆயிரத்துக்கு மேற்பட்ட சிம் கார்டுகளும், 2 லட்சத்து 63 ஆயிரத்துக்கு மேற்பட்ட கைபேசிகளும் இப்படி முடக்கப்பட்டிருக்கின்றன. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் சந்தேக நபர் தேடல் பகுதியில் ஒரு போன் நம்பரையோ யு.பி.ஐ. முகவரியையோ போட்டு, முன்பே புகார் வந்திருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். புது ஆர்டர் வந்தால் இரண்டு நிமிடம் செலவழித்துப் பாருங்கள்.

நம் தமிழர்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூரிலும் வழி இதேதான். 2020-ல் 'ஸ்கேம்ஷீல்டு' என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். 2024-ல் 1799 என்ற உதவி எண்ணைத் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்கலாம். இங்கிலாந்தில் மோசடிக் குறுஞ்செய்தி வந்தால் 7726 என்ற நம்பருக்கு அப்படியே தள்ளிவிடுகிறார்கள். பணக்கார நாடாக இருந்தாலும், ஜனங்கள் சொல்லாமல் அரசாங்கத்துக்கு ஒன்றும் தெரிவதில்லை.

சங்கத்தில் ஒரு நோட்டு

அரசாங்கத்துக்குச் சொல்வது ஒன்று. நம் வீதிக்குச் சொல்வது இன்னொன்று. அரசாங்கத்துக்கு நம்பர் வேண்டும். வீதிக்கு வேண்டியது கதை. திருடன் நம்பரை நாள்தோறும் மாற்றிக்கொள்வான், கதையை அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டான். "ராணுவ ஆர்டர் என்று ஒருவன் இந்த வாரம் பருப்பு கேட்கிறான்" என்று தெரிந்தால், எந்த நம்பரிலிருந்து வந்தாலும் நாம் விழித்துக்கொள்வோம்.

ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் ஒரு நோட்டு வைக்கலாம். செலவு ஐம்பது ரூபாய். அதில் எழுத வேண்டியவை:

1. போன் வந்த தேதி, நேரம்.
2. வந்த நம்பர்; சாதாரணப் போனா, வாட்ஸ்அப்பா.
3. என்ன வேஷம்: ராணுவம், மின்வாரியம், வங்கி, ஜி.எஸ்.டி.
4. சொன்ன கதை இரண்டு வரியில். பேசிய மொழி, தமிழ் என்றால் எப்படிப்பட்ட தமிழ்.
5. பணம் அனுப்பச் சொன்ன யு.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண்.
6. பணம் போனதா இல்லையா.
7. 1930-க்கோ சக்ஷுவுக்கோ சொல்லியாயிற்றா, புகார் எண்.

எழுதியவர் பெயர் தேவையில்லை. பெயர் போடாவிட்டால்தான் பலர் எழுதுவார்கள். சங்கச் செயலாளரோ பொறுப்பில் உள்ள இளைஞர் ஒருவரோ வாரம் ஒருமுறை நோட்டைப் பார்த்து, புதிதாக வந்த கதையை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து வரியில் போடட்டும். மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் கிராமக் கடைக்காரர்களுக்கு வாயால் சொல்லலாம். பர்கூர் மலைக் கடை வரைக்கும் அந்தச் செய்தி சரக்கோடு சேர்ந்து போய்விடும். ஒரே கதை ஒரே வாரத்தில் மூன்று கடையில் வந்திருந்தால், நோட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் கொடுக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் மூன்று சின்னப் புகார். சேர்ந்து போனால் ஒரு கும்பலின் தடம்.

எழுதும்போது கவனிக்க

இதில் ஆபத்தும் இருக்கிறது. திருடன் கையில் இருக்கும் சிம் பெரும்பாலும் வேறு ஓர் அப்பாவியின் பெயரில் வாங்கியதாக இருக்கும். திரையில் தெரியும் நம்பரே பொய்யாகவும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் போலக் காட்டி வரும் போன்களைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே 1 கோடியே 35 லட்சம் போன்கள் தடுக்கப்பட்டன. அவ்வளவு பொய் நம்பர்கள்! ஆகையால் நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டுத் திட்டுவது, பெயரும் படமும் போட்டுச் சுவரில் ஒட்டுவது எல்லாம் கூடாது. நிறுத்தப்பட்ட நம்பரை 90 நாளுக்குப் பிறகு கம்பெனிகள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. பழைய பட்டியலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் புது ஆளின் பிழைப்பு கெடும். பட்டியலில் மூன்று மாதத்துக்கு மேலான நம்பர்களை அடித்துவிட வேண்டும்.

போட்டிக் கடைக்காரர் மீது உள்ள கோபத்தை இந்த நோட்டில் தீர்த்துக்கொள்ளவும் இடம் தரக் கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் எழுதப்பட வேண்டும். "அவருக்கு வந்ததாம்" என்பதற்கு இடமில்லை.

இன்னொன்று. எதிர்முனையில் பேசுபவன் நல்ல தமிழில் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம். வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்து வைத்து, இந்த வேலையைச் செய்ய வைக்கிறார்கள். 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். நம் ஊர்ப் பையன்களுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று யாராவது சொன்னால், அதையும் இதே நோட்டில் எழுத வேண்டும்.

கணக்கு முடங்கினால்

புகார் முறையில் நமக்கே வரும் ஒரு தொல்லையையும் சொல்லாமல் விடக் கூடாது. திருடிய பணத்தில் ஒருவன் நம் கடையில் சரக்கு வாங்கிவிட்டுப் போகிறான். எங்கோ ஒரு மாநிலத்தில் கொடுத்த புகாரின் சங்கிலி நம் கணக்கு வரைக்கும் வருகிறது. ஒருநாள் காலையில் கணக்கு முடங்கிக் கிடக்கிறது, மில்லுக்குப் பணம் அனுப்ப முடிவதில்லை.

அப்போது பதற வேண்டாம். புகார் எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்பதை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த விற்பனையின் பில், லாரி ரசீது, ஜி.எஸ்.டி. கணக்கு ஆகியவற்றை அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மீதியைப் புழங்கவிடுமாறு கேளுங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. பில் இல்லாமல் விற்ற சரக்குக்கு இந்த வழி திறக்காது. பில் போடும் பழக்கம் வரிக்கு மட்டுமல்ல, நமக்கே காவல். அதேபோல், கமிஷன் தருகிறேன், உங்கள் கரண்ட் அக்கவுண்டை இரண்டு நாள் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் போகும் வாய்க்கால் அதுதான். கொடுத்தவரும் வழக்கில் சேருவார்.

முடிவாக

அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே நோட்டை வாங்கி முதல் பக்கத்தை எழுதிவிடலாம். 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கடையில் வேலை செய்யும் பையனுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள். கடையில் நாம் இல்லாத நேரத்தில் போனை எடுப்பவர்கள் அவர்கள்தான். நாளைக்கே ஒரு சந்தேகமான போன் வந்து நீங்கள் ஏமாறாமல் வைத்துவிட்டால், சந்தோஷப்பட்டுக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடாதீர்கள். சக்ஷுவில் ஒரு பதிவு, பக்கத்துக் கடைக்கு ஒரு வார்த்தை, சங்க நோட்டில் இரண்டு வரி. பத்து நிமிட வேலை. இன்னொரு கடைக்காரர் சீட்டுக்கு எடுத்து வைத்த பணம் அந்தப் பத்து நிமிடத்தில் பிழைக்கும்.